பிழை பிடிபட்ட பின்னும்

நான் படித்த வகுப்பறை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடையின் மேல் மாடியில் இருந்தது. அங்கே கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரண்டு ரவுட்டர்களும் மூன்று சுவிட்சுகளும் ஒரு நீள மேசையில் அடுக்கியிருந்தன. கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பெட்டிகள் அவை. சனியும் ஞாயிறும் வகுப்பு. வலையமைப்புச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு எங்களை ஆயத்தப்படுத்துவதாகச் சொல்லித்தான் சேர்த்தார்கள். தொடங்கும்போது பதினான்கு பேர் இருந்தோம். அது பெற்றோல் இல்லாமல் போன வருடம். பஸ் ஓடுமா ஓடாதா என்று காலையில்தான் தெரியும். இரண்டு மாதத்துக்குள் ஐந்து பேரானோம். பிறகு ஒழுங்காக வந்தது நானும் என் வயதையொத்த ஒருவரும்தான்.

நான் நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வருவேன். அப்பாவுக்கு வாழைத்தோட்டம். கூடப் படித்த அவர் குருநகர்ப் பக்கம். தகப்பனும் தமையனும் கடலுக்குப் போகிறவர்கள். அந்த மாதங்களில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் அவர்களுடைய படகு கரையில் இழுத்துவிட்டபடி கிடந்தது. அவர் மட்டும் கடலுக்குப் போகாமல் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்தார். முதல் மாதம் முழுக்க நாங்கள் "நீங்கள்" என்றுதான் கதைத்தோம். எப்போது அதைவிட நெருக்கமான "நீர்" ஆனோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவில் வரவில்லை.

புதிய ரவுட்டர் ஒன்றுக்கு முதன்முதலாகக் கட்டளை எழுத வேண்டுமென்றால் ஒரு நீலக் கேபிளால் அதை லப்டொப்போடு நேரே இணைக்க வேண்டும். எங்களிடம் அப்படிக் கேபிள் ஒன்றுதான் இருந்தது. அதன் முனையிலிருந்த பிளாஸ்டிக் கொளுவி உடைந்து போயிருந்ததால் அது தானாக நிற்காது. யாராவது விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் ஒருவர் எழுதினால் மற்றவர் பிடிப்பது என்று ஆனது. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போவேன். அவர் மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கேபிளைப் பிடித்தபடி, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை நோகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிழையாக எழுதினாலும் உடனே சொல்லமாட்டார். நானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். கண்டுபிடித்துவிட்டால் "ஓம்" என்பார், அவ்வளவுதான்.

மின்சாரம் அறிவித்த நேரத்துக்கும் போகும், அறிவிக்காத நேரத்துக்கும் போகும். சேமிக்காமல் விட்ட வேலையெல்லாம் அதோடு போய்விடும். ரவுட்டருக்கு எதுவும் நினைவிருக்காது. மின்விசிறி நின்றதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்போம். ஒரு பெரிய கணினி முகவரித் தொகுதியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் கணக்குகள். அவர் அதை மனதிலேயே செய்வார். எனக்குக் காகிதம் வேண்டும். நான் தோட்டத்திலிருந்து கொண்டு போகும் இதரை வாழைப்பழங்கள் அந்த நேரத்தில்தான் தீரும்.

ஒருநாள் அம்மா கேட்டா: "என்ன பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் ஒரு சீப்புக் கொண்டுபோறாய். ஆர் உதெல்லாம் தின்னிறது?"

"வகுப்பிலை எல்லாரும்தான் அம்மா."

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"கனபேர்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டி நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகுதான், நான் எதையோ ஒளிக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

பரீட்சையை எழுதக் கொழும்புக்குப் போனோம். அவருக்கு ஒன்பது மணி, எனக்குப் பதினொரு மணி. நான் முதல்நாளே வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நின்றுகொண்டேன். நான் பரீட்சை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முடித்துவிட்டு வெளியே நின்றார். முகத்தைப் பார்த்ததுமே பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார் என்று தெரிந்தது. அந்தச் சந்தோசத்தை என்னிடமிருந்து மறைக்கப் பார்த்தார், எனக்குப் பதற்றம் வந்துவிடும் என்று.

"அவசரப்படாதையும். உமக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

உண்மையில் தெரியும்தான். ஆனால் அங்கே கேபிள் பிடித்துக்கொண்டு நிற்க யாரும் இல்லை. மூலையில் நேரம் குறைந்துகொண்டே போனது. பிழையைத் தேடித் திருத்தச் சொல்லும் ஒரு கேள்வியில் நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன். கடைசிப் பதினொரு கேள்விகளையும் திறந்துகூடப் பார்க்க முடியவில்லை. முடிவு உடனேயே திரையில் வந்தது. மயிரிழையில் தவறியிருந்தேன்.

வெளியே வந்தேன். அவர் பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்ரீ வாங்கி வந்தார். குடித்து முடித்த பிறகு, "நேரம் காணாமல் போட்டுதோ?" என்றார்.

"ஓம்."

"அடுத்த முறை எடுத்துடுவீர்."

நான் தலையாட்டினேன். அவர் வேறு ஏதோ சொல்லப்போகிறார் என்று அந்தக் கடைவாசலில் எனக்குத் தோன்றியது. காத்திருந்தேன். வீதியில் ஒரு லொறி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு இரண்டு பேரும் ஒதுங்கினோம். பிறகு சித்தியிடமிருந்து போன் வந்துவிட்டது.

மூன்று மாதத்தில் அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். அன்று நாங்கள் படிக்கவில்லை. பெட்டிகளைத் துடைத்து, கேபிள்களைச் சுற்றி, எல்லாவற்றையும் மேசையில் ஒழுங்காக வைத்தோம். அது செய்யத் தேவையில்லாத வேலை. "போட்டு வாறன்" என்றார். "போட்டு வாரும்" என்றேன். படிக்கட்டில் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

இரண்டாவது முறை நான் தனியாகப் போய் எழுதிச் சித்தியடைந்தேன். பரீட்சை நிலையத்திலிருந்து முதலில் செய்தி அனுப்பியது வீட்டுக்கல்ல, அவருக்கு. அவர் வேலை முடிந்து பார்த்திருக்க வேண்டும். பின்னேரம்தான் பதில் வந்தது. "தெரியும்" என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லை எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் வலையமைப்பு முழுக்க என் பொறுப்பு. நிலமாடியில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு குளிரூட்டிய சின்ன அறை. அங்கேதான் பிரதான சுவிட்ச். அதிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேபிள் ஏறிப்போகும். அவரும் நானும் எப்போதாவது செய்தி அனுப்பிக்கொள்வோம். நல்லநாள் பெருநாளுக்கு வாழ்த்து, அங்கே வெயில், இங்கே மழை. கதைப்பது குறைந்துபோயிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு திங்கட்கிழமைக் காலை, கட்டடம் முழுக்க வலையமைப்பு விழுந்துவிட்டது. பதிவு மேசையில் ஆட்களின் விபரம் திறக்கவில்லை. ஆய்வுகூடத்து முடிவுகள் வைத்தியர்களுக்குப் போகவில்லை. இரண்டாம் மாடியில் இலக்கம் கூப்பிடுகிற இயந்திரம் மௌனமாகிவிட, தாதிமார் நடைபாதையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிரதான சுவிட்சை நிறுத்தித் திரும்பப் போட்டேன். இரண்டு நிமிடம் வேலை செய்துவிட்டு மறுபடி படுத்துவிட்டது. நிர்வாகி வாசலில் வந்து நின்றார்.

யோசிக்காமல் கட்டாருக்குப் போன் எடுத்தேன். அவர் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார்.

"என்ன, இந்த நேரத்திலை?"

"முழுக்கப் படுத்திட்டுது. சுவிட்சிலை லைற் எல்லாம் ஒண்டாய் அடிக்குது."

"படபடெண்டு, நிக்காமலோ?"

"ஓம்."

"அப்ப உது லூப். ஆரோ ஒரு வயரின்ரை ரெண்டு முனையையும் ஒரே பெட்டியிலை செருகிப் போட்டினம். போறது திரும்பத் திரும்பச் சுத்திக்கொண்டு நிக்குது, அதுதான் மற்றதுக்கு இடமில்லை. அவசரப்படாதையும். மாடியளுக்குப் போற வயரை ஒண்டொண்டாய்க் கழட்டும். எதைக் கழட்டேக்கை லைற் அடங்குதோ, அந்த மாடிதான். நான் லைனிலை நிக்கிறன்."

இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், புத்தகத்தில் நானும் படித்தது. ஆனால் அந்தக் குரல் சொன்ன பிறகுதான் கை வயருக்குப் போனது. முதலாம் மாடி வயரைக் கழற்றினேன், மாற்றமில்லை, திரும்பச் செருகினேன். இரண்டாம் மாடியுடையதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்கிச் சாதாரணமாக மினுங்கின. நிர்வாகியிடம் "கீழை சரி, மேலை பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி மேலே ஏறினேன்.

அறை அறையாகப் பார்த்தேன். உடற்பயிற்சிச் சிகிச்சை அறையை முதல்நாள்தான் இடம் மாற்றியிருந்தார்கள். மேசைக்குக் கீழே ஐந்து துளையுள்ள ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து புறப்பட்ட சாம்பல் நிறக் கேபிள் ஒன்று அதற்குள்ளேயே திரும்பி வந்து செருகியிருந்தது. அங்கு வேலை செய்யும் அக்கா, "மேசை தள்ளேக்கை கழண்டு கிடந்தது தங்கச்சி. நான்தான் எடுத்துக் கொளுவினனான்" என்றா. "பறவாயில்லை அக்கா" என்று சொல்லி, போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேபிளைக் கழற்றினேன்.

"கிடைச்சதோ?" என்றார் அவர்.

"இன்னும் இல்லை. தேடுறன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். கிடைத்துவிட்டது என்று சொன்னால் "சரி, வைக்கிறன்" என்பார்.

கீழே இறங்கிப் போய் இரண்டாம் மாடி வயரைத் திரும்பச் செருகினேன். விளக்குகள் அமைதியாகவே இருந்தன. எல்லாம் சரியா என்று பார்க்க மறுபடி மேலே ஏறி, படிக்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "அங்கை காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன். ஒரே அறையில் இருக்கும் நான்கு பேரும் முறை வைத்துச் சமைப்பதாகச் சொன்னார். இன்று தன்னுடைய முறையாம், பாணும் பருப்பும். பஸ் ஜன்னலுக்கு வெளியே கட்டடம் முடிந்தால் மணல், மணல் முடிந்தால் கட்டடம் என்றார். கடல் இருக்கிறதா என்று கேட்டேன். "கடல் இருக்கு. ஆனால் ஒரு மணமும் இல்லை" என்றார். நான் சிரித்தேன். இரண்டு வருடமாக நாங்கள் இவ்வளவு கதைத்ததில்லை.

பிறகு அவர் சொன்னார்: "இலக்கம் கூப்பிடுது."

எனக்குப் பின்னால், நடைபாதையில், இயந்திரத்தின் பெண்குரல் இருபத்தாறாம் இலக்கத்தை நான்காம் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றேன்.

"அது கூப்பிடத் தொடங்கிக் கன நேரம். இருபத்திரண்டிலையிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

எனக்கு முகம் சுட்டது.

"எனக்கும் வைக்க மனம் வரேல்லை" என்றார்.

அவர் தொண்டையைச் செருமினார். "உமக்கு ஒண்டு சொல்லோணும். வீட்டிலை பேசி முடிச்சிட்டினம். பெம்பிளை பாசையூர்ப் பக்கம். தையிலை கலியாணம்."

"நல்லது" என்றேன்.

"நீர் ஒருக்காலும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீரும் சொல்லேல்லை."

"ஓம்" என்றார். வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னார். பஸ் நின்றதும், இறங்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் நிர்வாகியிடம் போய், எல்லாம் சரி என்றேன். கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் முன்னால் பாராட்டினார்.

தையில் அவர் கலியாண அழைப்பிதழோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது. சுவிட்ச் அறையைப் பார்க்கக் கேட்டார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் ஒவ்வொரு கேபிளுக்கும் பெயர் எழுதி ஒட்டி, இனி யார் லூப் போட்டாலும் அந்த வயர் செருகிய துளை மட்டும் தானாக அடைபடும்படி செய்து வைத்திருந்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். நான் வாசலில் நின்றேன். "வடிவாய்ச் செய்திருக்கிறீர்" என்றார். பிறகு கன்ரீனில் தேத்தண்ணி குடித்தோம். ஆஸ்பத்திரியைப் பற்றி, கட்டாரில் அவருக்குக் கிடைத்த பதவி உயர்வைப் பற்றிக் கதைத்தோம்.

"வருவீர்தானே?"

"வாறன்."

போனேன். தேவாலயத்தில் பின் வரிசையில், அங்கே யாரையும் தெரியாமல், எல்லோரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தேன். மணப்பெண் நல்ல வடிவு. படமெடுக்கக் கூப்பிட்டபோது போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே கூடப் படிச்ச அக்கா?" என்றாள். "ஓம்" என்றேன். அவர் அவளிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

இப்போது நான் அடுத்த படிப் பரீட்சைக்குப் படிக்கிறேன், வீட்டில், தனியாக. வேலையில் வரும் பிழைகளை அநேகமாக நானே பிடித்துவிடுகிறேன். போன மாதம் ஆய்வுகூடத்தில் ஒரு இயந்திரம் மட்டும் அடிக்கடி தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. காலை முழுக்கத் தேடியும் காரணம் தெரியவில்லை. போனை எடுத்து அவருடைய செய்திப் பக்கத்தைத் திறந்தேன். கடைசியாக வந்திருந்தது அவர்களுடைய பிள்ளையின் படம். அதற்குக் கீழே நான் எழுதிய வாழ்த்து. "நிக்கிறீரோ?" என்று எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, கூரைத் தட்டைக் கழற்றி ஏறினேன். கேபிளை எலி கடித்த இடம் பின்னேரம் நாலு மணிக்குத்தான் கையில் தட்டுப்பட்டது.