வாயில் குண்டூசி இருந்த மத்தியானம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புகிற ஆள் கிடையாது. சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஒருத்தி எழுந்து கனவில் வெளிச்சம் பார்த்தேன் என்பாள், இன்னொருத்தி யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பாள், நானும் எல்லாரோடும் சேர்ந்து அல்லேலூயா சொல்லிவிட்டு, ராத்திரி பிரியாணி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது போல என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். ஆண்டவரை நம்புகிறேன், அது வேறு விஷயம். ஆண்டவர் ஃபோனில் எல்லாம் பேசுவார் என்று நம்புகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை என்றுதான் இருந்தேன்.

என் பெயர் எஸ்தர். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கடைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள், ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து என் மகளுக்கு வாலாஜாபாத்தில் ஒரு நல்ல இடம் கூடிவந்திருந்தது, நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அவர் தலைவலி வந்தாலே ஆயுசு முடிந்துவிட்டது என்று படுத்துக்கொள்கிற மனுஷன். மகளிடமும் சொல்லவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விழித்துக் கிடப்பேன். ஆண்டவரே, ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி, எனக்குக் கொஞ்சம் சமாதானம் கொடும் என்று அதை மட்டும்தான் கேட்டேன்.

ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். லில்லி அக்கா. ரத்த உறவு இல்லை, ஆனால் பக்கத்து வீடு, சபையில் பக்கத்துப் பாய், என் பிரசவத்துக்கு என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை அவள்தான் நடத்துவாள். அவளுடைய ரகசியம் ஒன்றும் என்னிடம் இருந்தது. அவள் மகன் பெங்களூரில் வேலை செய்கிறான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் அவன் குடியை மறக்க வைக்கிற ஒரு இல்லத்தில் இருந்தான். அதை நான் என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் முக்காடு போட்டு முழங்காலில் இருக்கிறோம். லில்லி அக்கா மைக்கில் ஜெபக் குறிப்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள், மழைக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக. திடீரென்று குரல் தழுதழுத்தது. "நம்ம எஸ்தர் சிஸ்டருக்காகப் பாரத்தோட ஜெபிக்கணும். மார்புல ஒரு கட்டி இருக்குது, கேன்சரா இருக்குமோன்னு டெஸ்ட்டு குடுத்துக்கினு வந்திருக்காங்க, பொண்ணு கல்யாணம் வேற கூடியிருக்குது, கர்த்தர் இரங்கணும்" என்றாள். வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் வழியாக டீக்கடை வரைக்கும் கேட்டது. அத்தனை பெண்களும் திரும்பி முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் என் மார்பைப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். சாயங்காலத்துக்குள் வாலாஜாபாத்துக்குச் சேதி போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் பண்ணி, "இப்போதிக்கு வேணாம்மா, தேவ சித்தம் வேற மாதிரி இருக்குதுன்னு எங்களுக்கு உணர்த்துறாரு" என்றாள். அடேங்கப்பா, வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஆண்டவர்தான் வரவேண்டும். மகள் "எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு மைக்கில் சொன்னதே தேவலை போல இருந்தது.

லில்லி அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாரம் தாங்கல எஸ்தரு, நெறய பேரு ஜெபிச்சா நல்லதுதானன்னு சொல்லிட்டேன்" என்றாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வம்பு பேசியிருந்தால் வாயாடி என்று விட்டிருப்பேன். ஜெபம் என்ற பெயரில் என்னைத் தெருவில் நிறுத்தினாள் பாருங்கள், அவளை நான் என்னவென்று திட்டுவது? பாஸ்டரம்மா கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சமாதானமா போயிடுங்கம்மா" என்றார்கள். நான் ஆண்டவரிடம் கேட்ட சமாதானம் நிம்மதி. இவர்கள் சொல்கிற சமாதானம் ராசியாகிவிடுவது. ஒரே வார்த்தைதான், அதனால் குழம்பிவிட்டார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கை வாங்கி நானும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்வது. நம்ம லில்லி அக்கா மகனுக்காகப் பாரத்தோட ஜெபிங்க, பெங்களூர்ல வேலை இல்ல, குடிய மறக்க வெக்கிற எடத்துல இருக்கான். மெஷின் மிதிக்கும்போதெல்லாம் அதையே சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். அது என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது, சத்தியமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். கோயில் நடை சாத்தியிருந்த நேரம், டூரிஸ்ட் வேன்கள்கூடப் போகவில்லை. கரண்ட் இல்லை. தனலட்சுமி அம்மா வந்திருந்தார்கள், பின் தெருவில் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறவர்கள், அவர்கள் மகள் கல்யாணத்துக்குப் பட்டு பிளவுஸ் அளவு பார்க்க. அவர்களை நிற்கவைத்து முதுகுப் பக்கம் பிடித்துப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். தையல்காரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம், குண்டூசியை எல்லாம் உதட்டில்தான் கவ்விக்கொள்வோம். வாயைத் திறந்தால் ஊசி உள்ளே போய்விடும், அதனால் அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேசமாட்டேன்.

அப்போது அந்த வாக்கியம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, பாரத்தோட ஜெபிங்க, பாரத்தோட ஜெபிங்க என்று. பாதியில் நின்றுவிட்டது. நூல் அறுந்தால் தையல் நிற்குமே, அப்படி. நான் திரும்பவும் தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. கோபத்தைத் தேடினேன், இல்லை. சரி, கட்டியை நினைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன், கட்டி இருந்தது, பயம் இல்லை. உடம்பெல்லாம் லேசாகி, கண்ணில் தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"இன்னாம்மா எஸ்தரு, அழுவுறியா?" என்று தனலட்சுமி அம்மா திரும்பினார்கள்.

ஊசியை எல்லாம் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன். எத்தனையோ நாள் கழித்து வந்த தூக்கம். அந்த அம்மா பாவம், பாதி குத்திய பிளவுஸோடு உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்களாம்.

சாயங்காலம் லில்லி அக்கா கடைக்குள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகம் வீங்கும் அளவுக்கு அழுதிருந்தாள். "நீ ஃபோன் பண்ணுவேன்னு நான் நெனைக்கவே இல்ல எஸ்தரு. என்னா ஜெபம் பண்ணுன! எம்மேல எந்த மனக்குறையும் இல்லன்னு சொல்லிட்டியே" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளைத் தள்ளிவிட்டு, "இன்னாக்கா நாடகம் ஆடுற? நான் எப்ப உனக்கு ஃபோன் பண்ணேன்? பண்றதயும் பண்ணிட்டு இங்க வந்து ஒப்பாரி வெக்கிறியா?" என்று வாய்க்கு வந்தபடி எல்லாம் திட்டினேன். சந்தே எட்டிப் பார்த்தது. அவள் கோபப்படவே இல்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டு, பரவால்ல. நீதான் சொன்னியே, என் வாய் இன்னும் கொஞ்ச நாளு திட்டும்கா, நீ அத்த காதுல வாங்காதன்னு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பறம் நாளிக்கு மைக்க வாங்கி எம்புள்ளயப் பத்தி சொல்ல மாட்டேன், பயப்படாதன்னு சொன்னியே. அத்த கேட்டுத்தான் எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. சொல்றதா இருந்தியா எஸ்தரு?"

அவள் ஃபோனைக் காட்டினாள். மத்தியானம், என் பெயர், என் நம்பர். இதைக் கேளுங்கள், அன்றைக்கு என் ஃபோனே என்னிடம் இல்லை. மகளுடைய ஃபோன் உடைந்துபோனதால் என்னுடையதை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போயிருந்தாள். அந்தக் கம்பெனியில் வாசலிலேயே ஃபோனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள், ஷிப்ட் முடிந்துதான் கையில் கொடுப்பார்கள். மகள் வந்ததும் அதை வாங்கிப் பார்த்தேன், லில்லி அக்காவுக்குக் கால் போனதாக அதில் எதுவும் இல்லை. தனலட்சுமி அம்மாவைக் கேட்டால், "நீ எங்க பேசுன? வாயில ஊசி வெச்சிக்கினு உம்முனு இருந்த" என்கிறார்கள்.

உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாந்துபோன மாதிரி இருந்தது. அந்தக் கோபம் என்னுடையது, நான் பட்ட அவமானத்துக்கு என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று நான்தானே முடிவு பண்ண வேண்டும்? லில்லி அக்கா என்னைக் கேட்காமல் என் ரகசியத்தை எடுத்துப்போய்க் கொடுத்தாள். ஆண்டவர் என்னைக் கேட்காமல் என் குரலை எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டார். உமக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு ராத்திரி முழங்காலில் நின்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்துவிட்டது, அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

மறுநாள் உபவாச ஜெபத்துக்குப் போனேன். லில்லி அக்கா குறிப்புகளைச் சொல்லி முடித்துவிட்டு, வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் கையை நீட்டினேன். மைக்கைக் கொடுத்துவிட்டு அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். என் வாயில் ஊசி இல்லை, யாரும் தடுக்கவில்லை, அந்த வாக்கியம் முழுசாக ஞாபகத்தில் இருந்தது. "எனக்கு இன்னும் ரிசல்ட்டு வரல. எனக்காக ஜெபிச்சிக்குங்க. இத்த நானே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ரிசல்ட் வந்தது. கெட்ட கட்டிதான். அதனால் நல்ல சேதி வந்து நிம்மதி வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு வேலூர் போகிற பஸ்ஸில் லில்லி அக்காதான் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், பயந்து அழுதது அவள், நான் தாமல் ஏரியில் தண்ணீர் நிரம்பிக் கிடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். இப்போது உடம்பு பரவாயில்லை. மகளுக்கு வேறு இடம் பார்க்கிறோம். லில்லி அக்காவை மன்னித்துவிட்டேனா என்றால், தெரியவில்லை, இன்னும் அவளிடம் நான் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மனதுக்குள் மட்டும் அந்த மத்தியானம் வந்த அமைதி அப்படியே இருக்கிறது, அதை யார் வைத்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஆண்டவரைத் தவிர வேறு பெயர் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். முசரவாக்கத்தில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். எங்கள் அம்மா இறந்தபோது எனக்குச் சேதியே சொல்லாமல் அடக்கம் பண்ணியவர், ஏதோ பழைய வீம்பு. அப்போதிலிருந்து பேச்சு இல்லை, அவர் நம்பர்கூட என்னிடம் கிடையாது. போன மாதம் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீ ஃபோன் பண்ணி வாண்ணான்னு கூப்ட்டியே, அதான் வந்தேன்" என்றார்.

நான் பண்ணவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஆமா எஸ்தரு, கடசியில யார்கிட்டயோ ஃபோன குடுத்தியே, யாரு அது? நம்ம அம்மா மாதிரியே, சாப்ட்டியாடான்னு கேட்டாங்க."

"நீ இன்னாண்ணா சொன்ன?" என்றேன்.

"சாப்ட்டேன்னு சொன்னேன்" என்றார்.

நான் அவருக்குக் கை துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.