சிற்றாற்று அணைக்கட்டின் சரிவு

எழுபதுகளின் கடைசியில் நான் தென்காசியில் வேலை பார்த்தேன். சிற்றாற்றின் குறுக்கே அங்கே ஒரு சிறிய அணைக்கட்டு இருந்தது. செங்குத்தாக விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, விழுந்தவர்களை வெளியே விடாது. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வருஷத்துக்கு ஒருவராவது போய்விடுவார்.

அதை இடித்துச் சரிவாக்கி, கீழே பாறைகளைப் பதிக்க வந்தார் ஒரு ஓவர்சியர். முழங்கால்வரை சுருட்டிய காக்கிக் கால்சட்டை, கக்கத்தில் குடை. தினமும் ஒரு தேங்காய் நெற்றைத் தண்ணீரில் வீசிவிட்டு, அது போகும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்குக் கிறுக்கு என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். நானும்தான்.

வேலை முடிந்த அடுத்த ஆடியில், குளிக்கப் போன நான் அணைக்கட்டின் மேலிருந்து வழுக்கி விழுந்தேன். தண்ணீர் என்னைச் சரிவில் இழுத்துப் போய், பாறைகளுக்கு நடுவே உருட்டி, கரையில் ஒதுக்கியது. இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு. வெள்ளத்தில் சரிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்து கரையில் நின்ற ஓவர்சியரிடம் சத்தம் போட்டேன்.

“குளிக்கிற இடத்துல யாராவது பாறையக் கொண்டு போடுவாகளா வே? காலப் பாத்தீரா?”

அவர் குனிந்து பார்த்தார். “தப்புதான் அண்ணாச்சி. கல்லு முனைய இன்னும் கொஞ்சம் தட்டியிருக்கணும். இதுக்கு முன்னால இங்கன விழுந்தவங்க யாரும் வந்து குறை சொன்னதில்ல. நீங்கதான் மொத ஆளு.”

முன்னால் விழுந்தவர்கள் ஏன் குறை சொல்ல வரவில்லை என்பது, வீட்டில் ஈர வேட்டியை மாற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேலி செய்தாரா, உண்மையிலேயே வருந்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.