குடுவை குறட்டை விடும் வரை

பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, கம்ப்யூட்டர் பெட்டியின் விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, வால்மோர் குடுவையை என் பக்கம் நீட்டுகிறான். "ஊத்து அதெமார். ஒரே தடவை. தளும்பணும்."

ஊற்றுகிறேன். பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு இதுதான் உத்தியோகம். சுரைக்குடுவையில் மாத்தே இலை, மேலே வெந்நீர், உறிஞ்ச ஒரு வெள்ளிக் குழல். எங்கள் ஊர் வக்காரியாவின் குளிருக்கு இதைவிட்டால் வேறு துணை கிடையாது. ஆனால் வால்மோர் இதைக் குளிருக்காகக் குடிப்பதில்லை. கடிகாரமாகக் குடிக்கிறான்.

அந்த விளையாட்டுக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், மனைவி இவனெத்தியின் முன்னால், பக்கத்து வீட்டுக்காரனான என்னைச் சாட்சி வைத்து ஒரு சபதம் செய்தான். "ஒரு குடுவை மாத்தேயை நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கேம் திறக்கலைன்னா, அன்னைக்கே புது மிஷின். அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது." முடிந்ததற்கு அடையாளம், அடியில் காற்றை உறிஞ்சும்போது வருகிற 'கொர்ர்' சத்தம். அதைக் குறட்டை என்போம். குறட்டை கேட்கும் வரை உறிஞ்சுவதுதான் இங்கே மரியாதை.

அப்போது குடுவை கைக்கு அடக்கம். கேம் திறக்க மூன்று நிமிஷம். நாலாம் வருஷம் எட்டு நிமிஷமாயிற்று, குறட்டை வரப் பார்த்தது. அடுத்த ஞாயிறு போனால் அவன் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு புதுக் குடுவை! இருபது நிமிஷமானபோது பூசணி அளவு. போன வருஷம் ரோடியோ என்னும் குதிரைத் திருவிழாவில், கடை வாசலில் விளம்பரத்துக்குத் தொங்கிய குடுவையையே பேரம் பேசித் தோளில் தூக்கி வந்தான். "அய்யா, அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்று கடைக்காரன் கெஞ்சியிருக்கிறான்.

இவனெத்தி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது குடிக்கவா, குளிக்கவா?"

"அந்தக் காசுக்குப் பாதிக் கம்ப்யூட்டர் வந்திருக்குமேடா" என்றேன் நான்.

"பாதிக் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு என்னடா பண்றது?" என்று என்னையே முட்டாளாக்கினான்.

வாரத்தில் ஆறு நாள் வால்மோர் டவுன் பஸ் ஓட்டுகிறான். ஏழாம் நாள் ஓய்வுக்காக லாரி ஓட்டுகிறான், திரையில். அந்தப் பெட்டியில் சாலை வந்த பிறகும் மரங்கள் சாவகாசமாகத்தான் வரும். மரம் முளைப்பதற்கு முன்பே இவன் அதில் மோதியிருப்பான். எதிரே நாலு சக்கரம் மட்டும் உருண்டு வரும், கார் பின்னால் வந்து சேரும். கேட்டால், "இயற்கை மெதுவாத்தான் வளரும், அவசரப்படுத்தாதே" என்பான். கம்ப்யூட்டர் கடைக்குப் போகாதவனும் இல்லை. மாதம் ஒருமுறை போய், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, "இப்ப வாங்குறவன் ஏமாளி. அடுத்தது வந்தா இது விலை இறங்கிரும்" என்று கடைக்காரனுக்கே புத்தி சொல்லிவிட்டு வருவான். பெட்டியோ அடுப்பாய்க் கொதிக்கும். இவனெத்தி ரொட்டி மாவைப் பொங்க வைப்பது அதன் தலையில்தான்.

சிரித்தது போதும். ஒரே மகள் க்ரெய்சி போர்ச்சுகலில் ஹோட்டல் சமையலறையில் இருக்கிறாள். ஞாயிறன்று வேலைக்குக் கிளம்புமுன் அவளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்பாவும் மகளும் அதே கேமில் ஆளுக்கொரு லாரியில், அவள் முன்னால், இவன் பின்னால். வெறும் போனில் பேசச் சொன்னால் "சாப்பிட்டியா? குளிருதா?" என்ற இரண்டு கேள்வியில் சரக்குத் தீர்ந்துவிடும். ஸ்டியரிங் கைக்கு வந்தால்தான் மனுஷனுக்கு வாய் வரும். பஸ்ஸில் நடந்த சண்டை, முட்டிவலி, அம்மா திட்டியது எல்லாம் கொட்டும். அந்த ஒரு மணியில் நாற்பது நிமிஷத்தை இப்போது பெட்டி தின்கிறது.

ஏன் மாற்றமாட்டேன் என்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போன வாரத்தில் க்ரெய்சி சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகத் தன் கையால் பூட்டிக் கொடுத்தாள். கடைசித் திருகு எங்கோ உருண்டு போக, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சொருகினாள். பக்கத் தகடு இன்றும் அந்தப் பின்னில்தான் நிற்கிறது. தூசி தட்டக்கூட யாரையும் அந்தப் பக்கம் விடமாட்டான்.

இந்த ஞாயிறும் மேஜையில் போன், போனில் க்ரெய்சி. குடுவை தளும்பியது. வால்மோர் மருந்து குடிப்பதுபோல் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினான். நாற்பது நிமிஷம் போயிற்று. ஐம்பதும் போயிற்று. மாத்தே ஐஸ் தண்ணீராகியிருக்கும்.

"அப்பா, பத்து நிமிஷத்துல நான் கிளம்பணும்."

"இதோ கண்ணு, மேகமெல்லாம் வந்துருச்சு. ரோடுதான் பாக்கி."

"அடுத்த வாரத்திலேர்ந்து வேலை அரைமணி முன்னாடிப்பா. அரைமணிதான் இருப்பேன்."

அரைமணியில் இந்தப் பெட்டியில் மேகம்கூட வராது. அந்தக் கணக்கு அவன் முகத்தில் ஓடியது. ஓடிய வேகத்தில் தன்னை மறந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டான்.

கொர்ர்ர்ர்.

நான் கூரையைப் பார்த்தேன். திரையில் வைப்பர் மட்டும் தனியாக அசைந்தது.

"அப்பா," என்றது போன். "குறட்டை கேட்டுச்சு."

"அது அதெமாரும்மா. தூங்கிட்டான்."

"அடப்பாவி! நான் முழிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்!"

"அப்பா..."

வால்மோர் குழலை ஒருமுறை பார்த்தான். குடுவையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் நீட்டினான். "நன்றி" என்றான். எங்கள் ஊரில் குடுவையைத் திருப்பித் தரும்போது அப்படிச் சொன்னால், போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். பதினொரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

இவனெத்தி வந்து பெட்டியின் மேலிருந்த மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். அவன் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு முழங்காலிட்டு, அந்த ஹேர்பின்னை மெதுவாக உருவி, ஊதித் துடைத்து, சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டான்.