நூற்றுப் பதினெட்டாவது இடம்

ஓட்டு எண்ணும் நாளில் தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்தான் போன் செய்ய வேண்டும். இது எனக்கும் அண்ணனுக்கும் இருந்த ஏற்பாடு. அவர் அடையாறில், நான் மயிலாப்பூரில்; கட்சியும் வேறு வேறு. ஆட்சி அமைக்க நூற்றுப் பதினெட்டு இடம் வேண்டும். ஒரு பக்கம் அது உறுதியானதும் மறுபக்கத்திலிருந்து அழைப்பு வரும்.

சென்ற தேர்தலில் தோற்றது அவர். முறைப்படி கூப்பிட்டார்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா, ஒத்துக்கறேன்."

நான் அத்தோடு விட்டிருக்கலாம். "சட்டசபையில உங்காளுங்களுக்கு நாற்காலி மிச்சம் இருக்கான்னு பாருங்கண்ணா. இல்லன்னா வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். எதிரே புதுச் சம்பந்தி வீட்டார். யாரோ சிரித்தது எனக்கே கேட்டது. "சரி, வெச்சுடறேன்" என்றார். அதன்பின் ஐந்து வருடம் பேசவில்லை. பொங்கலுக்கு அண்ணிதான் கூப்பிடுவார்.

இந்தமுறை காலை எட்டு மணிக்கே டிவி முன் உட்கார்ந்தேன். நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். பத்தரைக்கு அவர் கட்சி தொண்ணூற்றாறு இடங்களில் முன்னிலை. பன்னிரண்டே முக்காலுக்கு நூற்றுப் பத்து. என் கட்சி தோற்றுக்கொண்டிருந்தது, நான் இன்னும் எட்டு இடம் அவர்களுக்கு வேண்டுமே என்று உட்கார்ந்திருந்தேன். என் ஒருத்திக்காக உலை வைக்கத் தோன்றவில்லை. காலையில் மிஞ்சிய இட்லியே மதியத்துக்கும். மூன்று இருபதுக்கு நூற்றுப் பதினெட்டு.

உடனே கூப்பிட்டேன். போன் மூன்றாவது முறை அடித்ததும் எடுத்தார்.

"அண்ணா, நூத்திப் பதினெட்டு. நாங்க தோத்துட்டோம்."

அங்கேயும் அதே சேனல் ஓடியது.

"முன்னிலைதானே? அறிவிக்கலையே. அறிவிச்சதும் கூப்பிடு."

வைத்துவிட்டார். குரல் கரகரத்திருந்தது. சளியா, வயதா தெரியவில்லை.

மாலைக்குள் அண்ணன் கட்சிக்கு நூற்றுப் பதினேழு இடம் அறிவித்துவிட்டார்கள். பாக்கி ஒரு தொகுதி. நான் போயே இராத ஊர். வித்தியாசம் சில ஓட்டுகள்தான் என்று மறுபடி எண்ணினார்கள். அங்கே நிற்கும் என் கட்சிக்காரர் தோற்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆறே முக்காலுக்கு என் கட்சிக்காரரே ஜெயித்ததாக அறிவித்தார்கள்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகள் யார் பக்கம் போவார்கள் என்று விவாதம் தொடங்கியது. இப்படி ஆனால் யார் கூப்பிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. அண்ணன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.