சுவரின் கனம்

வீடு கட்டுவது தையல்காரருக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. நான்கு பக்கம், மேலே ஒரு மூடி, நுழைய ஒரு வழி. சட்டைக்கு இதைவிட வேலை அதிகம் என்றார். அவர் மனைவியும் தையல்தான், காலர் வைப்பதில் அவரைவிடக் கை தேர்ந்தவள். அவர் சொன்னதை அவள் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எட்டடி வெட்டு மேசைக்கு வேறு இடம் வேண்டும். அதன் இரு பக்கமும் நின்று துணி வெட்டித்தான் இருவரும் பிழைத்தார்கள். அது நுழைகிற வாடகை வீடு எங்கும் அகப்படவில்லை. ஊர் ஓரத்தில் கையகல மனை ஒன்று இருந்தது. அங்கேயே கட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

இடித்த கிடங்கு ஒன்றின் பழைய செங்கல் சல்லிசாக வந்தது. ஒட்டியிருந்த காரையை அவள் கொத்தி எடுத்தாள். சிமெண்டுக்குப் பதில் சேறு. அவரே மிதித்துக் குழைத்தார். வெளிப்பக்கம் மட்டும் பிற்பாடு சிமெண்டு பூசிக்கொள்ளலாம் என்றார்.

அவள் தம்பி கொத்தனார். விடுமுறையில் வந்து சுவர் நேராக எழும்புகிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பான். உதவியைவிடக் கேலி கூடுதல். வீட்டுக்கு எத்தனை மீட்டர் எடுத்தீர்கள், லைனிங் உண்டா என்பான். சேற்றைப் பார்த்து, கை கழுவினால் வீடும் போய்விடும் என்றான்.

சுவர் இடுப்பளவு வந்த ஒரு சாயங்காலம், தையல்காரர் பழக்க தோஷத்தில் அறைக்குள் நாடா வைத்துப் பார்த்தார். ஏழரை அடி. நாடாவை உதறி மறுபடி வைத்தார். மேசைக்கு எட்டு, நகர ஓரடி என்று ஒன்பது அடி குறித்தது அவர்தான்.

மறுநாள் மைத்துனன் வந்து பார்த்துவிட்டு அப்படியே கல் மேல் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாமா, வெளியில இருந்து வெளிக்கு ஒன்பதடி வச்சிருக்கீங்க. சுவத்துக்குக் கனம் இருக்குல்ல?"

இருந்தது. இந்தப் பக்கம் முக்கால் அடி, அந்தப் பக்கம் முக்கால் அடி. இத்தனை வருஷம் அவர் கோடு போட்ட எதற்கும் கனம் இருந்ததில்லை.

தையல்காரர் தச்சரிடம் ரம்பம் இரவல் வாங்கிக் கடைக்கு வந்தார். காஜா போட்டுக்கொண்டிருந்த மனைவி, எதற்கு என்று கேட்டாள். மேசையில் ஓரடி குறைந்தால் குடி முழுகிவிடாது என்றார். சொல்லும்போது மேசையைப் பார்க்கவில்லை.

"தப்பாத் தைச்சா என்ன பண்ணுவீங்க? ஆளையா வெட்டுவீங்க?"

"பிரிப்பேன்."

"அப்பப் பிரிங்க."

அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்த சுவரைச் சொன்னாள். அடுப்படி அவள் ஆசைப்பட்டுக் கேட்டது. அவர் அதை நினைவுபடுத்தினார். நாள் முழுக்க நான் அடுப்பையா கட்டிக்கொண்டு அழுகிறேன், மூலையில் ஓர் அடுப்புக்கு இடம் விட்டால் போதும் என்றாள்.

இருவருமாகப் பிரித்தார்கள். மேல் வரிசையில் கொத்துக்கரண்டியை விட்டு நெம்பினால் சேறு உதிர்ந்தது, கல் முழுசாகக் கையில் வந்தது. சிமெண்டாக இருந்தால் கல்லும் போயிருக்கும் என்று கொத்தனாரே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதற்காக அக்காவிடம் இரண்டு முறை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

வெளிச்சுவர் இன்னும் உயருமுன் மேசையை அதன் மேலாகவே தூக்கி உள்ளே இறக்கினார்கள். சுற்றிலும் நகர இடம் இருந்தது. கூரை இல்லை. மைத்துனன் வாசல் அளவைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான்.

"நாளைக்கு இதை எப்படி வெளியே எடுப்பீங்க?"

"நாங்க எங்கடா போகப்போறோம்?" என்றாள் அக்கா. வெயில் விழுந்த மேசை மேல் யாருடைய சட்டைத் துணியையோ விரித்தாள். "காத்துல தூக்குது, அந்த முனையைப் பிடி."