நான் சொன்ன கழுகு

வெயில் கூசும்போதுதான் மனிதர்கள் நெற்றிக்குக் கையைக் குடையாக வைத்து வானத்தைப் பார்ப்பார்கள். மச்சான் மழையில் அப்படிப் பார்த்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருந்த புல்மேட்டில், காலடியில் செத்த கன்று கிடக்க, தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வலது கையை நெற்றியில் வைத்து அவர் மேகத்துக்குள் எதையோ தேடினார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஊர்களில் தூங்கி எழுந்துவிட்டேன். அந்தக் கை மட்டும் என்னை விடவில்லை.

மச்சான் என்றால் என் அக்காளின் கணவர். முசிறிப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் ஆள் கட்டும் ஒரு கங்காணியோடு இலங்கைக்குக் கப்பலேறி வந்தவர். நான் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஹட்டனில் லொறி கிளீனர், கொத்மலையில் மரம் அறுக்கிற வேலை, கொழும்பில் மூட்டை தூக்கியது என்று சுற்றிவிட்டு, கை காலியாகும்போதெல்லாம் அக்காளின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து விழுவேன். அவள் ஒன்றும் கேட்காமல் ரொட்டி தட்டுவாள். மச்சான்தான், "வாங்க தொரை, சர்க்கீட்டு முடிஞ்சுதா?" என்று கும்பிடுவார்.

சட்டம் போட்டு எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனி மாத மழை. மச்சான் வளர்த்த கிடாரிக் கன்று வயிறு உப்பிச் செத்தது. அவருடைய மகள், நாலு வயதுக்காரி, அதற்கு மடியில் புல் கட்டிக் கொண்டுபோய் ஊட்டுவாள். அது ஏன் எழும்பவில்லை என்று கேட்டுக் கேட்டு அக்காளைப் பிடுங்கினாள். தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கு ஐயா வந்து எட்டி நின்று பார்த்தார். "நோய் பிடிச்ச மாடு. ஆறடி தோண்டிப் பொதைக்கணும். வெளிய கெடக்குறத பாத்தேன், பத்துச்சீட்டுதான்" என்றார். வேலையிலிருந்து விரட்டும் அந்தச் சீட்டை வாங்கினால் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

நானும் மச்சானும் கன்றைக் கம்பில் கட்டிப் புல்மேட்டுக்குத் தூக்கிப் போனோம். ஒன்றரை அடி தோண்டியதும் இரும்பு அலவாங்கு பாறையில் மோதிக் கையைச் சுண்டியது. பக்கத்தில் தோண்டினோம். அங்கேயும் பாறை. குழிக்குள் தண்ணீர் ஊறி முழங்கால் வரை வந்தது. மச்சான் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்க ஊர்ல இந்தக் கருமமெல்லாம் இல்ல மாப்ள. செத்த மாட்ட ஊருக்கு வெளிய போட்டுட்டு வந்துருவோம். கழுகு எறங்கும். வெத்தல போட்டுத் துப்புறதுக்குள்ள வெறும் எலும்புதான் கெடக்கும். நாத்தம் இல்ல, ஈ இல்ல. அது தின்னா, நோயும் அதோட வகுத்துலயே செத்துப்போகும்."

"அப்ப மம்பட்டிய அதுங்க கையில குடுங்களேன் மச்சான். நம்ம போயி தேத்தண்ணி குடிப்போம்."

சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க கழுகு இருக்கா?"

"ஏன் இல்லாம? எத்தன தடவ பாத்திருக்கேன். போன மாசங்கூட தேயில ஸ்டோருக்கு மேல சுத்துச்சே. கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போச்சு."

கோழிக்குஞ்சு என்றதும் அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. அவரும் களைத்திருந்தார். கன்றை அங்கேயே போட்டுவிட்டு, அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம்.

நான் பொய் சொல்லவில்லை. வளைந்த அலகும் கொண்டையுமாக, மலைக்கு மேல் வட்டமிட்டு, உயிருள்ளதைப் பிடித்துத் தின்னும் பறவைக்கு நாங்கள் கழுகு என்றுதான் பெயர் சொல்லுவோம். அவர் கேட்டது வேறு பறவையை. கழுத்தில் மயிரில்லாத, செத்ததை மட்டும் தின்கிற பிணந்தின்னிக் கழுகை. அவர் ஊரிலும் அதற்கு வெறும் கழுகு என்றே பெயர். அந்தப் பறவை இலங்கை மலையில் இல்லை என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். புல்மேட்டுக்குக் கீழே தொடங்குகிற ஓடைதான் எங்கள் பீலியில் வந்து கொட்டுகிறது. லயத்துச் சனம் முழுக்கக் குடிப்பதும் குளிப்பதும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். வெற்றிலை துப்புகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றால் ஓடையைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு மழையில் தோண்டப் பிடிக்கவில்லை.

"பொதைச்சாச்சுங்க" என்று மச்சான் கண்டாக்கு ஐயாவிடம் சொன்னார். அக்காளிடமும் அதையேதான் சொன்னார்.

வேலை முடிந்ததும் தினம் மேலே போய்ப் பார்த்தார். முதல் நாள் காக்கைகள் கண்ணைக் கொத்தியிருந்தன. இரண்டாம் நாள் காட்டுப்பன்றி இழுத்துப் போட்டிருந்தது. மூன்றாம் நாள் நானும் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவர் கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "வழி தெரியலையோ என்னமோ" என்றார். பிறகு, "கடலத் தாண்டணும்ல மாப்ள" என்றார். அதை வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் கல்லும் மண்ணும் அள்ளிப் போட்டு மூடினோம். அதற்குள் மழை நாலு நாள் கழுவிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் லயத்தில் வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம். மருந்துக்கார ஐயா வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். மச்சானின் மகள் தேறவில்லை. கம்பளியில் சுற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியில், மச்சான் தோளில் கிடந்தவளின் கை தொங்கிவிட்டது. அவர் நடையை நிறுத்தவில்லை. நான்தான் முன்னால் போய் மறித்து நின்றேன்.

அந்தத் தண்ணீர்தான் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் சாவது லயத்தில் புதிதில்லை. ஆனால் குழி வெட்ட வந்தவர்களை மச்சான் கிட்ட விடவில்லை. தானே இறங்கினார். இடுப்பளவு போனது, நெஞ்சளவு போனது, தலை மறைந்தது. உள்ளேயிருந்து மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. "போதும்யா, சின்னப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு ஆழம்?" என்று ஒரு பெரியவர் குனிந்து சொன்னார். எதற்கு என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். ஆறடி.

அதன்பிறகு தோட்டத்தில் எது செத்தாலும், ஆடோ நாயோ, யாரும் சொல்லாமலே மச்சான் மம்பட்டியோடு போய் நிற்பார். அந்தியில் காம்பரா வாசலில் நின்று நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்ப்பார். "அப்பிடி என்னத்தத்தான் பாக்குறீங்க?" என்று அக்காள் கேட்பாள். "மழை வருதான்னு" என்பார். சில வருஷத்தில் நெஞ்சுச் சளியில் அவரும் போனார். நடந்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இலங்கை-இந்திய ஒப்பந்தம் வந்ததும் என்னையும் அக்காளையும் இந்தியாவுக்கு எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, கரை சேர்ந்து, ரயில் பிடித்தோம். திருச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சிக்னலுக்காக நெடுநேரம் நின்றது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் எருது செத்துக் கிடந்தது. மேலே ஒன்றுமில்லாத வானத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. மயிரில்லாத கழுத்து, கூன் விழுந்த தோள், அவசரமில்லாத நடை. வண்டி கிளம்புவதற்குள் எருதின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. அவர் சொன்னது ஒரு சொல்லும் தப்பில்லை. அக்காள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பலகையை மெல்ல இறக்கினேன்.

இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறோம். இங்கேயும் தேயிலைதான். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. அந்தப் பறவை இங்கும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றைக் கொன்றுவிட்டது என்கிறார்கள். சுத்தம் செய்ய வந்ததையே விஷம் வைத்து அனுப்பியிருக்கிறோம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்று கேள்வி. இப்போது செத்த மாடு கிடந்தால் நாய்கள்தான் வருகின்றன.

போன மாசம் ஒரு சாவு வீட்டுக்காக மசினகுடி போயிருந்தோம். திரும்பும்போது பஸ்ஸுக்காக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். வெகு உயரத்தில் ஒன்றே ஒன்று, இறக்கையை அசைக்காமல் சுற்றியது. மச்சான் காத்திருந்த கழுகு என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றலாம் என்று அக்காள் பக்கம் திரும்பினேன். அவள் வலது கையை நெற்றிக்குக் குடையாக வைத்திருந்தாள். அன்றைக்கு வெயிலே இல்லை.

"வந்துருச்சா, தம்பி?" என்றாள்.