அம்மை லீவில் பனிச்சறுக்கு

நேற்று எதிர் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார்கள். சின்னப் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குக் காஷ்மீரின் குல்மார்க் பனிமலை ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. பெட்டி இறங்க இறங்க எண்ணிக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் சேகரும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஐந்து வருஷமாகியும் இரண்டு பேருமே கான்ட்ராக்ட். ராயபுரத்தில் அடுத்தடுத்த தெரு, ஒரே பைக், ஒரே டிபன் பாக்ஸ். அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு சட்டையில் சிந்தி, அந்த வாசனையோடு நான் திருவொற்றியூருக்குப் பெண் பார்க்கப் போன கதை தனி.

யார்டுக்கு இறால் ஏற்றிய குளிர்ப் பெட்டிகள் வரும். கதவைத் திறந்தால் வெள்ளையாகப் புகை அடிக்கும். வெயில் தாங்காமல், எண்ணுகிற சாக்கில் உள்ளே போய் நின்றுகொள்வோம். பல் கிடுகிடுக்கும், இறால் நாறும், ஆனாலும் சொர்க்கம். அங்கே நின்றுதான் ஒருநாள் சேகர் சொன்னான்: "மாமு, பொட்டிக்குள்ள நின்னது போதும். நெஜ ஐஸ்ல சறுக்கணும்டா, மலை மேல."

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாஷாவையும் சேர்த்துக்கொண்டோம். இந்தி தெரிந்த ஆள் வேண்டுமே! அவன் வேறு செக்‌ஷன், லீவுக்குப் பிரச்சினையில்லை. சிக்கல் எங்கள் இரண்டு பேருக்கும்தான். அந்த மாசம் எங்கள் செக்‌ஷனில் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. அந்தக் கடுதாசி கைக்கு வந்தால்தான் பெண் என்று திருவொற்றியூர்க்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் போய் எப்படி லீவு கேட்பது? சேகர்தான் வழி சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா மேனேஜர் லீவு தரமாட்டாரு. நான் அக்கா வூட்டு விசேஷம்னு சொல்லிக்கறேன். நீ அம்மை போட்டுகீதுன்னு போன்ல சொல்லிடு. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான், வூட்டாண்டகூட வரமாட்டான்."

உண்மைதான். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள். அம்மை என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தாய் வந்திருக்கிற வீட்டில் போய் எவன் சீட்டு கேட்பான்?

போக வர ரயிலிலேயே நாள் கழிந்து, பனியில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுகிற கடைக்காரர் மூஞ்சிக்கு க்ரீம் பூசிக்கொள்ளச் சொல்வதாகப் பாஷா மொழிபெயர்த்தான். விழுந்து விழுந்து சிரித்தோம். "எண்ணூர் வெயில்ல வெந்த மூஞ்சி, ஐஸ்ல இன்னா ஆவும்?" என்று கேட்டது நான்தான், பெரிய இவன் மாதிரி.

பாஷா ஒற்றைப் பலகைதான் வேண்டுமென்று வாங்கி, இரண்டு காலையும் அதில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவேயில்லை. "இதுல கியர் எங்கடா கீது?" என்று பலகையைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் நீளக் கட்டை இரண்டை மாட்டிக்கொண்டு ஏழெட்டுத் தடவை குப்புற விழுந்தேன். ஒரு தடவை, சிவனே என்று உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டு அம்மாள் மேலேயே. மத்தியானத்துக்கு மேல் என்னவோ பிடிபட்டது. முட்டியை மடக்கி உடம்பை முன்னால் சாய்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது பாருங்கள், அடிவாரம் வரைக்கும் விழவேயில்லை! வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்ததில்லை. படம் பிடிக்கச் சொல்லி சேகரிடம் முன்னாடியே என் போனை நீட்டியிருந்தேன். "உன்தை வுடு மாமு, சார்ஜ் பூடும். என்துல எடுக்கறேன்" என்றிருந்தான்.

ஊர் திரும்புவதற்குள், க்ரீம் பூசாத மூஞ்சி பனி வெயிலில் கறுத்து, கொப்புளம் கிளம்பி, தோல் தோலாக உரிந்தது. சேகர் மங்கி குல்லாவைக் கழற்றவே இல்லை, தப்பித்தான். என்னைப் பார்த்த மேனேஜர் பத்தடி தள்ளியே நின்றார்.

"தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சாப்பா?"

"மூணு தண்ணி ஆச்சு சார்."

மறுநாள் வீட்டிலிருந்து எனக்காக இளநீர் கொண்டுவந்தார் மனுஷன். கூசிப்போனேன். குடிக்கவும் செய்தேன்.

பத்து நாள் கழித்து அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவருடைய போன். அதில் நான் சறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேற எந்தப் பொய் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்பா. தாயி பேர்லயா?" என்றார். "சேகரைப் பாரு. டூர் போறேன்னு நேரா எழுதிக் குடுத்துட்டுப் போனான்."

அந்த லீவு லெட்டரை எடுத்துக் காட்டினார். சேகரின் கோழிக் கிறுக்கலேதான். குல்மார்க் என்று ஊர் பேர்கூட எழுதியிருந்தான். எனக்கு அம்மையைச் சொல்லிக்கொடுத்த அதே வாரம் எழுதியது.

கேட்டில் சேகரை மறித்துக் கேட்டேன். "நான் காட்டல மாமு. ஸ்டேட்டஸ்ல போட்டேன், பாத்துட்டாரு போல" என்றான். ஸ்டேட்டஸ் போடுகிறவன் அன்றைக்கே போட்டிருப்பான். பர்மனென்ட் லிஸ்ட் வருவதற்கு முந்தின நாளா பார்த்துப் போடுவான்? அடப்பாவி! கையை ஓங்கிவிட்டேன், பாஷா பிடித்துக்கொண்டான். மறுநாள் சேகருக்குப் பர்மனென்ட் கடுதாசி வந்தது. என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். திருவொற்றியூர்ப் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்தார்கள்.

இன்று அந்த யார்டே இல்லை. இடம் முழுக்க முள்செடி மண்டிக் கிடக்கிறது. பாஷா கத்தாருக்குப் போய்விட்டான். எனக்கும் வேறு வேலை, வேறு பெண், இரண்டு பிள்ளைகள், குறையொன்றும் இல்லை. வேலை போனதைக்கூட மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேனேஜர் அறையில் ஒரே ஒரு தடவை பார்த்த அந்த வீடியோவைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. நான் கீழே வந்து சேரும்போது சேகரின் குரல் கேட்கும்: "ஓட்றான் பாரு எங்காளு!" தொண்டை கிழியக் கத்தியிருந்தான். அதில் ஒரு பொட்டு நடிப்பு கிடையாது. அவ்வளவு சந்தோஷப்பட்டவன்தான் அந்த லெட்டரை முன்னாடியே கொடுத்துவிட்டு என்னோடு ரயில் ஏறியிருக்கிறான்.

அதற்கப்புறம் நான் யாரிடமும் படம் எடுக்கச் சொல்லி நிற்பதில்லை. பிள்ளைகளோடு பீச்சுக்குப் போனாலும் கையை நீட்டி நானே எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் படத்திலும் என் கைதான் பெரிதாக விழுகிறது. எதிரில் நின்று என்னைப் பார்த்துக் கத்துவதற்கு இப்போது ஆள் கிடையாது.